புது ஆள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஓர் ஊழியக்காரியின் கதை சொல்கிறேன்.

அவள் சபையில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. வீடு வீடாகப் போய்ச் சுவிசேஷம் சொல்வது அவள் வேலை. மூன்று வாரமாகப் புதிதாக ஒருவரைக்கூட அவளால் சபைக்குக் கூட்டி வர முடியவில்லை.

"இந்த வாரமும் வெறுங்கையோட வந்தா, நீ ஊழியத்துலேருந்து நின்னுக்கலாம்மா" என்று போதகர் சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பதினாறு வீடு ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். இன்னொரு வீட்டில், "உங்க சாமி எங்க குழாய்ல தண்ணி வர வைப்பாரா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

பதினேழாவது வீட்டில், "கதவு சாத்தலை, தள்ளிட்டு வாம்மா" என்றது ஒரு குரல்.

கட்டிலோடு கிடந்தார் ஒரு பெரியவர். அவள் ஜெபிக்க ஜெபிக்க அவர் கண்ணில் நீர் வழிந்தது. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. புது ஆட்களின் பெயர் எழுதும் தாளை எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை நானே வண்டி கொண்டு வர்றேன் ஐயா. எங்க கோயில் இருக்கிற இடம் தெரியுமா?"

"தெரியாமலா? இருபது வருஷம் அங்க மணி அடிச்சவன் நான்தானே! கை கால் விழுந்து நாலு வருஷமாச்சு. அங்கேருந்து வந்த முதல் ஆள் நீதாம்மா."

அவள் பேனாவை மூடினாள்.

"மூடாதேம்மா" என்று கெஞ்சினார் பெரியவர். "புது ஆளுன்னே எழுதிக்கோ. பழைய ஆளுன்னா மறுபடி யாரும் வரமாட்டாங்க."

உங்கள் வீட்டில் யாராவது படுத்துவிட்டால், விசாரிக்க ஆள் வந்துகொண்டே இருக்கட்டும், கண்ணுகளா.