ஏழாவது வரி

இக்கதையை நான் முதலில் கேட்டது, லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவரிடம். சென்ற ஆண்டு ஜூன் மாதம், அவர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தபடி. சம்பவம் நடந்த அறையில் அவரும் இருந்தாராகையால் அவர் சொன்ன வடிவத்தையே முதன்மையாகக் கொள்கிறேன்.

நேர்முகத் தேர்வு. மேசைக்கு அந்தப்பக்கம் முதலாளியும் ஃபோர்மேனும். இந்தப்பக்கம் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. அவளை அழைத்து வந்திருந்தவர், படிப்பை விட்டு வழிதவற இருக்கும் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பித்து வேலையில் சேர்த்துவிடும் மையத்தின் அதிகாரி.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

"ஒண்ணு. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டது. ரெண்டு. வீட்டை விட்டு இரண்டு தடவை ஓடிப்போனது. மூணு. கடையில் செல்போன் திருடிப் பிடிபட்டது. அஞ்சு மாசம் சீர்திருத்தப் பள்ளி. நாலு. பயிற்சியில் சேர்ந்த முதல் மாதமே ஒன்பது நாள் வராதது. அஞ்சு. ஆசிரியரோடு சண்டை போட்டு, சுத்தியலைத் தரையில் வீசியது. ஆறு. கோபம் வந்தால் வாய் நீளுவது."

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நீங்க சிபாரிசு பண்ண வந்தீங்களா, புகார் குடுக்க வந்தீங்களா? சின்னப் பொண்ணை முன்னால உட்கார வெச்சுக்கிட்டு இப்படியா மானத்தை வாங்குறது?"

"நம்ம ஆளுங்களுக்கு இந்த மாதிரி ஒரு லிஸ்ட் எழுதினா நோட்டுப் புத்தகம் பத்தாது முதலாளி," என்றார் ஃபோர்மேன்.

அதிகாரி தாளை மடித்தார்.

அந்த ஆண்டு மையத்தில் தேறிய பதினோரு பேரில் பத்துப் பேருக்கு வேலை கிடைத்துவிட்டது. மிச்சம் இவள் ஒருத்தி. மூன்று நிறுவனங்கள் ஏற்கெனவே கைவிரித்துவிட்டன. இது தவறினால் வேறு இடமில்லை.

முதலாளி பெண்ணின் பக்கம் திரும்பினார். "பழைய கதையெல்லாம் விடும்மா. உன் மார்க்கைப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு."

அதிகாரி சட்டென்று எழுந்தார். "ரொம்ப நன்றிங்க. வா, போகலாம்."

அவள் எழவில்லை.

"அக்கா, ஏழாவதை விட்டுட்டீங்க."

"அது வேண்டாம்மா. வேலைதான் குடுத்துட்டாரே."

"அதைக் கேக்காமதானே குடுத்தாரு."

தாளைத் தானே வாங்கிப் பிரித்து வாசித்தாள். "ஏழு. பயிற்சியில், மெயின் சுவிட்சை அணைக்காமலே 'அணைச்சாச்சு'ன்னு குரல் குடுத்தது."

ஃபோர்மேன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

லிஃப்ட் வேலையில் இருவர் வேண்டும். ஒருவர் பெட்டியின் கூரைமேல் நின்று கயிறு ஓடும் சக்கரத்தருகே கைவைப்பார். மற்றவர் சுவிட்ச் அருகே நின்று "அணைச்சாச்சு" என்பார். அந்தக் குரலை நம்பியே கை உள்ளே போகும்.

"யாருக்கு அடி?" என்றார் முதலாளி.

"யாருக்கும் இல்லை சார். அரை நிமிஷத்துல பார்த்து அணைச்சுட்டேன்."

"யாரு பார்த்தா?"

"யாரும் பார்க்கலை. மேல இருந்தவளுக்கே தெரியாது. சாயங்காலம் நான் போய்ச் சொன்னேன். ஓங்கி ஒண்ணு வெச்சா."

"யாருமே பார்க்காதது எப்படித் தாள்ல ஏறிச்சு?"

"நான்தான் எழுதினேன். ஏழும் என் கையெழுத்துதான். வேலையில சேர்ந்தப்புறம் யாரோ சொல்லித் தெரிஞ்சு, 'ஏமாத்திட்டா'ன்னு நீங்க வெளிய அனுப்பக் கூடாதில்ல. அக்கா வாசிக்கவே மாட்டேன்னாங்க. வாசிச்சாத்தான் வருவேன்னு நான் அடம்பிடிச்சேன்."

முதலாளி அதிகாரியைப் பார்த்தார். "இதை மட்டும் ஏம்மா முழுங்குனீங்க?"

"மத்த ஆறுக்கும் பதில் யோசிச்சு வெச்சிருந்தேன் சார்," என்றார் அவர். "இதுக்கு என்கிட்ட பதில் இல்லை."

முதலாளி தாளை வாங்கி, ஏழாவது வரியில் விரல் வைத்தார். பிறகு ஃபோர்மேனிடம் கேட்டார்: "திங்கக்கிழமை நீங்க மேல. இந்தப் பொண்ணு சுவிட்ச்கிட்ட. என்ன சொல்றீங்க?"

இந்த இடத்தில் ஃபோர்மேன் கதையை நிறுத்தி, இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

"ஆறு வருஷம் அவ குரலை நம்பித்தான் உள்ள கையை விட்டேன். எண்ணிப் பாருங்க. பத்தும் இருக்கு."

இதே கதை வேறு விதமாகவும் சொல்லப்படுகிறது. மையத்துப் பிள்ளைகள் சொல்லும் வடிவத்தில், முதலாளி அன்று வேலை தரவில்லை. ஒரு மாதம் கழித்தே கூப்பிட்டனுப்பினார். மூன்றாவது வடிவம் ஒன்றும் உண்டு. அதில், முதலாளியின் கேள்விக்கு ஃபோர்மேன், "என் கை என்ன இரவல் கையா? மாட்டேன்," என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மேலே ஏறிச் சக்கரத்தருகே கைவைத்தவர் முதலாளி. ஃபோர்மேன் சம்மதிக்க மூன்று வாரம் ஆயிற்று.

எது சரி என்று கேட்க மறுபடியும் ஃபோர்மேன் வீட்டுக்குப் போனேன். மூன்று வடிவங்களையும் சொன்னேன்.

"இந்த மூணாவதை உங்களுக்கு யார் சொன்னா?"

"அந்தப் பெண்தான்."

"அப்ப அதுதான் சரி," என்றார். "அப்படியே எழுதிக்குங்க."