மூன்றாம் அத்தியாயம்

“எழுந்திருங்க டீச்சர். மூன்றாம் அத்தியாயம் என்ன சொல்லுது?”

அறிவியல் டீச்சர் எழுந்தாள். வாய் திறக்கவில்லை.

ஆசிரியர் அறையில் எல்லார் மடியிலும் ஒரே புத்தகம். வகுப்பு நடத்துவது பற்றிய அந்தப் புத்தகத்தைத் தலைமையாசிரியைதான் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்திருந்தார். மாதக் கடைசியில் கூடிப் பேச வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

“புதுசா நாலு விஷயம் தெரியட்டும்னு கொடுத்தேன். பசங்களுக்கு மட்டும்தான் வீட்டுப்பாடமா? நமக்குக் கிடையாதா?”

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை மூடிக்கொண்டாள்.

பக்கத்திலிருந்த கணக்கு வாத்தியார் முணுமுணுத்தார். “அன்பு, பொறுமைன்னு ஏதாவது அடிச்சு விடும்மா.”

“சார், எடுத்துக் கொடுக்காதீங்க. நீங்களே சொல்லுங்களேன்?”

கணக்கு வாத்தியார் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். தமிழ் ஐயா வராத இருமலை இருமினார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

தலைமையாசிரியை மறுபடி டீச்சரிடம் வந்தார்.

“சாயங்காலம் நிர்வாகத்துக்குப் பேர் அனுப்பணும். தற்காலிகமா இருக்கிறவங்கள்ல ஒருத்தரைத்தான் நிரந்தரமாக்குவாங்க. உங்க பேரை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எழுதுறது?”

டீச்சர் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

“படிச்சீங்களா, இல்லையா? அதையாவது சொல்லித் தொலைங்க.”

“படிச்சேன் மேடம்.”

“அப்புறம் சொல்றதுக்கு என்ன? நான் ரெண்டு தடவை படிச்சாச்சு. என்கிட்ட கதை விட முடியாது.”

“மேடம்... உங்க ரூமுக்கு வந்து தனியா சொல்லட்டுமா?”

“அதெல்லாம் முடியாது. எல்லாருக்கும் முன்னாடிதான் சொல்லணும். சொல்ற வரைக்கும் நில்லுங்க.”

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

டீச்சர் தயங்கித் தயங்கி முன்னால் போனாள். தன் புத்தகத்தைப் பிரித்து, வேறு யார் கண்ணிலும் படாதபடி தலைமையாசிரியையின் முன் வைத்தாள்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. புத்தகத்தை மெதுவாக மூடினார்.

“டீச்சர் ஒழுங்காத்தான் படிச்சிருக்காங்க,” என்றார் பொதுவாக. பிறகு குரலைத் தாழ்த்தி, “போய் உட்காரும்மா. உன் பேரைத்தான் அனுப்பப் போறேன்.”

மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு: ‘பதில் சொல்லாத பிள்ளையை எல்லார் முன்னாலும் நிற்க வைக்காதீர்கள்.’