ஓமத் தண்ணீர்

இரட்டைப் பிறவிகளான அக்கா தங்கை இருவருக்கும் ஒரே வருடத்தில் பித்தப்பையில் கல் வந்தது. டென்மார்க்கில் இருந்த வஞ்சிக்கொடிக்கு அறுவை சிகிச்சை செய்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரிலிருந்த பூங்கொடி எட்டு மாதம் சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துப் பார்த்து, சீழ் பிடித்துச் செத்துப்போனாள்.

தங்கை வந்து சேர்ந்த பிறகுதான் ஐஸ் பெட்டியிலிருந்து உடலை எடுத்துக் குளிப்பாட்டினார்கள். தன் முகமே கண்மூடிக் கிடப்பதைப் பார்த்து வஞ்சிக்கொடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கக்கா பொறுமைசாலிம்மா. வலிக்குதுன்னு ஒருநாள் வாய் திறக்கல," என்றாள் தண்ணீர் ஊற்றியவள்.

"எங்கிட்ட தினமும் போன்ல அழுதா," என்றாள் வஞ்சிக்கொடி. "ஆஸ்பத்திரிக்குப் போடின்னேன். வீட்டுல யாரு சோறாக்குறதுன்னு கேட்டா."

கூட்டத்தில் ஒருத்தி, வயிற்றை அழுத்திக்கொண்டிருந்த கையை மெல்ல எடுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.