கேட்க ஓர் ஆள்

"நாளைக்குப் பேசலாம்ப்பா. இப்ப வேணாம்."

"நாளைக்கு, நாளைக்குன்னே ஆறு நாள் போயிடுச்சு சௌமி. லாயிட் கிளம்பிட்டாராம். பதினோரு மணிக்கு இங்க இருப்பார். அதுக்குள்ள நான் சொல்றத முழுசா கேட்டுடு."

சௌம்யா கேட்கவில்லை. கட்டிலில் இருந்த துணிகளை மடிக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே மடித்த துணிகள்.

போன சனிக்கிழமையிலிருந்தே அவள் இப்படித்தான் இருந்தாள். அன்றுதான் அப்பா சந்திரசேகரனுக்கும் அவருடைய நண்பர் லாயிட்டுக்கும் பாராட்டு விழா. இருவரும் ஃப்ரீமேசன் சகோதரச் சங்கத்தின் கிளையான லாட்ஜில் சேர்ந்து ஐம்பது வருடம் ஆகிவிட்டது. ஆளுக்கொரு பதக்கம். குடும்பத்தினரையும் அழைத்திருந்தார்கள். சௌம்யா முதல் வரிசையில் உட்கார்ந்து அப்பாவை நாற்பது போட்டோ எடுத்தாள். லாயிட்டையும் அவளே எடுத்தாள்.

கடைசியாகப் பேசிய லாட்ஜ் தலைவர்தான் எல்லாவற்றையும் கெடுத்தார்.

"பெரியவங்க எல்லாரும் கடைசி ஆசையை இப்பவே வீட்ல சொல்லி வெச்சிடுங்க. இறுதிச் சடங்குல நம்ம வெள்ளை ஏப்ரன், பச்சைத் தழை, பிரார்த்தனை, இதெல்லாம் வேணும்னா குடும்பத்துலேருந்து ஒருத்தர் எங்களைக் கேக்கணும். யாரும் கேக்கலைன்னா, அம்பது வருஷ மெம்பரா இருந்தாலும் நாங்க வாசல்ல நின்னுட்டுத் திரும்ப வேண்டியதுதான்."

அதைக் கேட்டதும் அப்பா லாயிட்டைப் பார்த்தார். லாயிட் தன் ஷூவைப் பார்த்தார். பிறகு அப்பா திரும்பி சௌம்யாவைப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து அவர் பேச்சை எடுப்பதும் அவள் நழுவுவதுமாக இருந்தது.

சமையலறையில் அம்மா ரமா டீ போட்டுக்கொண்டிருந்தாள். "ஏன்டி சும்மா பயந்து சாகற? ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டுப் போயேன்."

"எப்படிம்மா உன்னால இவ்ளோ கூலா பேச முடியுது? டாக்டர் ஏதாவது சொன்னாரா? என்கிட்ட மறைக்கிறீங்களா?"

"உங்கப்பாவுக்கு என்னடி கேடு? காலையில ஆறு இட்லி உள்ள போயிருக்கு. கல்யாணமான புதுசுல 'லாட்ஜுக்குப் போறேன்'னு கிளம்புவாரு. ரூம் போட்டுக் குடிக்கிறார்னு எங்கண்ணன் சண்டைக்கே வந்துட்டாரு. இப்ப நீ வந்திருக்க அழறதுக்கு."

சௌம்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அலமாரியில் இருந்த அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தாள். புது மாத்திரை எதுவும் இல்லை. மூடிவிட்டு, ஒருவேளை சரியாகப் பார்க்கவில்லையோ என்று மறுபடியும் திறந்தாள்.

அழைப்புமணி அடித்தது.

லாயிட் கறுப்புக் கோட்டும் டையுமாக வாசலில் நின்றார். "பஸ்ல வந்தா கோட்டு கசங்கிடும்னு சிவாஜிநகர்லேருந்து ஆட்டோலயே வந்துட்டேன்மா."

"உள்ள வாங்க அங்கிள்."

ரமா கொடுத்த டீக் கோப்பை லாயிட்டின் கையில் கடகடவென்று ஆடியது. அவர் ஒரு வாய்கூடக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். சௌம்யா அந்தக் கோப்பையையே பார்த்தாள். இவரே இப்படி நடுங்குகிறார் என்றால், விஷயம் அவ்வளவு மோசமா?

அப்பா ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். மேலே பேனாவை வைத்தார்.

"படிச்சுப் பாரு."

"படிக்க மாட்டேன். எங்க கையெழுத்து போடணும்னு மட்டும் காட்டுங்க."

"முதல்ல மேல இருக்கற பேரைப் பாரும்மா..."

"அப்பா, ப்ளீஸ்! அந்தப் பேரை இந்தத் தாள்ல என்னால பார்க்க முடியாது. போட்டுக் குடுத்துடறேன். அப்புறம் இந்தப் பேச்சே இந்த வீட்ல வரக் கூடாது."

ஆபீசில் ஒரு மெயிலை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் அனுப்புவாள் சௌம்யா. இங்கே தாளின் மேல்பாதியை இடது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். கீழே மூன்று கோடுகள் இருந்தன. கேட்பவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். உறவு என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதினாள். அந்த எழுத்தின் மேலேயே ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

"போட்டாச்சு. போதுமாப்பா?"

லாயிட் எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே நின்றார்.

"ரொம்ப தேங்க்ஸ்மா. எனக்குன்னு கேக்கறதுக்கு ஒரு ஆளும் இல்லைன்னு அன்னைக்கு சந்துருகிட்ட சொன்னேன். 'என் பொண்ணு கேப்பா, நீ பேசாம இரு'ன்னார். நீ முடியாதுன்னு சொல்லிடுவியோன்னு ஒரு வாரமா எனக்குச் சோறே இறங்கல."

சௌம்யா மெல்லக் கையை எடுத்தாள். தாளின் மேலே, அப்பாவின் குண்டு குண்டான எழுத்தில், லாயிட்டின் பெயர் இருந்தது.

"அய்யோ அங்கிள், நான் பார்க்காம... உறவுல மகள்னு எழுதிட்டேனே!" அவசரமாக அடிக்கப் பேனாவை எடுத்தாள்.

லாயிட்டின் உள்ளங்கை அந்தச் சொல்லை மூடிக்கொண்டது.

"அடிச்சிடாதம்மா. அப்படியே இருக்கட்டும்."