நாற்பது நீலப் புள்ளிகள்

பல் டாக்டரின் கிளினிக்கில் முப்பத்தொன்பதாவது தடவையாக வாளி விழுந்தது.

விழுந்தது என்றால் தரையில் இல்லை. பின்னறைக் கூரையின் கொக்கியில் ஒரு வெள்ளைக் கயிறு. கயிற்றின் நுனியில் தண்ணீர் வாளி. டாக்டர் ஸ்டூலில் ஏறி வாளியைத் தூக்குவார், பட்டென்று விட்டுவிடுவார். கயிறு விண்ணென்று உதறி நிற்கும். உடனே மார்க்கர் பேனாவால் கயிற்றில் ஒரு நீலப் புள்ளி வைப்பார்.

முன்னறை நாற்காலியில், வாயைத் திறந்தபடி ஒருவர் இருபது நிமிடமாகக் காத்திருந்தார்.

"என்னங்க, அவருக்கு ஊசி போட்டு மரத்தது தெளிஞ்சே போயிடும்!" என்று மனைவி கத்தினாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை!"

டாக்டரைச் சொல்லியும் குற்றமில்லை. நாளைக்கு ராக்கெட் கிளப்பில் அவருக்குத் தேர்வு. சொந்தமாகச் செய்த ராக்கெட் மேலே போய், உள்ளே வைத்த மருந்து வெடித்து, கூம்பு மூக்கும் உடம்பும் பிரிந்து, ஒரே பாராசூட்டில் ஒன்றாக இறங்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது இந்தக் கயிறு ஒன்றுதான். போன இரண்டு முறையும் முடிச்சில் அறுந்து, மூக்கு ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போய்விட்டன. மூன்றாவது முறையும் அறுந்தால், ஒரு வருஷத்துக்கு அந்தத் திடல் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது.

கதவில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான் மச்சான். மனைவியின் தம்பி, பைக் மெக்கானிக். போன மாதமே சான்றிதழ் வாங்கிவிட்டான், அதுவும் முதல் தடவையிலேயே. அதைத்தான் டாக்டரால் ஜீரணிக்க முடியவில்லை. நாளைக்கு அவனும் சும்மா ஒரு ராக்கெட் விடுகிறான்.

"அத்தான், அந்தக் கயிறை விட்டுடுங்க. பாவம்."

"சோதிக்காம மேலே அனுப்பச் சொல்றியா?"

"சோதிச்சதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசைக் கட்டுங்க. நாற்பது தடவை ஆட்டின பல்லு வாயில நிக்குமா?"

முன்னறையிலிருந்து "ஆ!" என்று ஒரு குரல் ஆமோதித்தது.

"பல்லு வேற, கயிறு வேற. இவன் முப்பத்தொன்பது தடவை பாஸானவன். உன் கயிறை நீ ஒரு தடவையாவது இழுத்துப் பார்த்தியா?"

"ரெண்டு பேரும் ஒரே சுருள்ல வெட்டி வாங்கினதுதானே? மீந்த துண்டை அறுந்துபோற வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். கட்டப்போறதைத் தொடலை."

"சோம்பேறிக்குச் சாக்குக்கா பஞ்சம்!"

நாற்பதாவது புள்ளியும் விழுந்தது. அன்று சாயங்காலமே டாக்டர் கயிற்றைக் கட்டி, பாராசூட்டை மடித்து வைத்து, மூக்கைப் பொருத்தினார். ஆள் உயர ராக்கெட் அவர் காரில் அடங்காது. மச்சானின் வேனில்தான் போக வேண்டும்.

"மூக்கைக் கழற்றிப் பார்த்தே, உன் வாயில ஒரு பல்லு மிஞ்சாது!"

"சரி அத்தான்."

மறுநாள் மச்சான் திடலுக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்தான்.

"எங்கேடா போனே?"

"வண்டி மக்கர் பண்ணிடுச்சு."

"மெக்கானிக் வண்டியே மக்கரா? ஆமா, மூக்குக்கிட்ட இதென்ன கறுப்பா?"

"கிரீஸ். தூக்கும்போது பட்டிருக்கும்."

டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது. பிரித்துப் பார்க்கலாமா என்று யோசிப்பதற்குள் நடுவர் அவருடைய எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

ராக்கெட் சீறிக்கொண்டு போனது. உயரத்தில் 'பட்'டென்று சத்தம். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க, பாருங்க! ஒண்ணாத்தான் வருது!"

மூக்கு, உடம்பு, பாராசூட் எல்லாம் ஒரே குடும்பமாக ஆடி அசைந்து இறங்கின.

"பார்த்தியா? நாற்பது தடவை!" என்று டாக்டர் குதித்தார்.

அடுத்தது மச்சானின் ராக்கெட். அதுவும் நன்றாகத்தான் போனது. 'பட்'டென்றதும் பாராசூட் மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு மேற்கே பறந்தது. உடம்பு நேராக வந்து, திடலோரச் சேற்றில் தலைகீழாகக் குத்தி நின்றது.

டாக்டரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்!

"எல்லாரும் இங்கே வாங்க! மச்சான், நீயும் வாடா. இது பாடம். முடிச்சுப் போட்டுட்டு பிஸ்கட் தின்னா ஆச்சா? சோதிக்கணும்! தொழில்ல அவசரம், வீட்டுல அவசரம், ராக்கெட்லயும் அவசரம்!"

"விடுங்களேன், அவனே பாவம்" என்றாள் மனைவி.

"பாவம் பார்த்தா புத்தி வராது. அறுந்த முனையைக் காட்டறேன், இரு."

சேற்றில் இறங்கி உடம்பைப் பிடுங்கினார். உள்ளே கைவிட்டுக் கயிற்றை உருவினார்.

ஒரு நீலப் புள்ளி வந்தது.

இன்னும் கொஞ்சம் உருவினார். வரிசையாக நீலப் புள்ளிகள். முடிச்சு இருந்த இடம் பஞ்சாய்ப் பிரிந்து தொங்கியது.

டாக்டரின் வாய் திறந்தது, மூடவில்லை. மெதுவாகத் திரும்பித் தன் ராக்கெட்டைப் பார்த்தார். அதிலிருந்த கயிறு ஒரு புள்ளிகூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. முடிச்சில் மட்டும் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.

மச்சான் வானத்தைப் பார்த்துக்கொண்டு, பறந்துபோன மூக்கைத் தேடுகிற மாதிரி நின்றான்.

நடுவர் குறிப்பேட்டைத் திறந்தார். "அறுந்த கயிறு எத்தனை தடவை சோதிச்சதுன்னு எழுதணும். ஒரு தடவைகூட இல்லைதானே?"

டாக்டர் நீலப் புள்ளிக் கயிற்றை நடுவர் பக்கம் நீட்டினார்.

"நாற்பது தடவை சார். அத்தனையும் நான்தான்."