மாசம் முன்னாடி, தேதி பின்னாடி

கல்யாண நாளை மறந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய மாப்பிள்ளை, வாழ்த்த வந்திருந்த மாமனாரைக் கண்டதும் திருதிருவென விழித்தார். அது ஒரு நொடிதான். உடனே வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"எங்க ஆபீஸ்ல அமெரிக்க இங்கிலீஷ் மாமா. மாசத்தை முன்னாடி போடுவோம், தேதி அப்புறம்தான். அந்தப் பழக்கத்துல போன்ல மாத்திப் போட்டுட்டேன், அது ஞாபகப்படுத்தல. நீங்கள்லாம் இன்னும் பழைய பிரிட்டிஷ் கணக்கு, உங்களுக்குப் புரியாது."

மாமனார் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு மகளிடம் திரும்பினார். "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியே!"

மகள், கேக் வெட்ட வைத்திருந்த கத்தியைக் கையில் எடுத்தாள்.

"நம்ம கல்யாணம் அஞ்சாம் மாசம் அஞ்சாம் தேதிங்க. அதை எந்த இங்கிலீஷ்ல மாத்திப் போட்டீங்க?"