மஞ்சள் உரசும் கல்

வீரபாண்டி ஆற்றுப்படியில், எல்லோரும் மஞ்சள் உரசும் கல்லின் மேல் மதினி செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். அவள் உரசிய மஞ்சள் எப்போதோ கரைந்துவிட்டது. கல் வெயிலில் வெறுமனே மினுங்குகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை முகாமில் அவளுக்கு எச்.பி.வி. கிருமி இருப்பதாக நேற்றுச் சொன்னார்கள். "போதும் மதினி. உடம்போட உடம்பு பட்டுத்தான் பரவும், கல்லுல துண்டுல தொத்தினதாத் தெரியலைன்னு நர்சம்மா சொன்னாகல்ல?" என்கிறேன். "வெளிய நாள்கணக்கா உசுரோட கிடக்கும்னும் அவகதானடி சொன்னாக," என்கிறாள். இரண்டும் எப்படி உண்மையாகும்? எனக்குப் புரியவில்லை. என் கையில் மஞ்சள் கிழங்கு ஈரமாகிறது. மேல்படியிலிருந்து அனுசுயா அக்கா சிரிக்கிறாள்: "ஏத்தா, கல்லைக் கழுவுறியா, கரைக்கிறியா? தள்ளு, நான் உரசணும்." மதினி செம்பைப் பிடித்தபடி என்னையே பார்க்கிறாள். நான் குனிந்து, அவள் உரசிய குழியிலேயே என் கிழங்கை வைக்கிறேன். உரசுகிறேன்.